நாற்பதரைக்கும் நாற்பத்துநாலரைக்கும் நடுவில்

காவல் நிலைய விசாரணை அறையில், பகல் பதினொன்றரை மணிக்குத் தொடங்கி, சாட்சி சொல்லச் சொல்ல எழுதப்பட்டது.

என் பெயரையும் கதவு எண்ணையும் முதல் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வேலை இடத்தில் என்னை ஸ்பேனர் அக்கா என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பேன். வயது ஐம்பத்து நான்கு. குடிநீர்த் துறையின் வண்டி ஷெட்டில் இருபத்தாறு வருடமாக மெக்கானிக்காக இருக்கிறேன். ஷெட்டுக்குப் பின்னால் உள்ள ஊழியர் குடியிருப்பில், கீழ்த்தளத்தில், என் கணவருடன் குடியிருந்து வருகிறேன். இந்த வழக்கில் ஏற்கெனவே ஒருமுறை சாட்சி சொல்லியிருக்கிறேன். அப்போது சொன்னது போதாது என்பதால் இப்போது யாரும் கூப்பிடாமல் நானாக வந்திருக்கிறேன். நான் சொல்வது எனக்கே எதிராகப் போகலாம் என்று இன்ஸ்பெக்டர் அவர்கள் எடுத்துச் சொன்னார். அது தெரிந்துதான் வந்தேன் என்று பதில் சொன்னேன்.

இந்த வழக்கில் காவலில் இருக்கும் டிரைவரை நாங்கள் பாயின்ட் அண்ணன் என்போம். எந்தத் தூரத்தைச் சொன்னாலும் பதினேழு பாயின்ட் மூன்று, இருபத்திரண்டு பாயின்ட் எட்டு என்று புள்ளி வைத்துத்தான் சொல்வார், அதனால் வந்த பெயர். காலை இழந்து ஆஸ்பத்திரியில் இருப்பவர் வால்வுக்காரர். மெயின் பைப்பின் வால்வுகளையும் கசிவுகளையும் பார்ப்பது அவர் வேலை. பாயின்ட் அண்ணனின் மகனுக்குத்தான் வால்வுக்காரரின் மகளைக் கட்டிக் கொடுத்திருக்கிறது. ஆக இருவரும் சம்பந்திகள்.

சம்பவத்துக்கு இரண்டு வாரம் முன்பு சம்பந்திகள் இருவருக்கும் சண்டை வந்தது. சின்னஞ்சிறுசுகள் இரண்டும் தனிக்குடித்தனம் போக ஆசைப்பட்டன, வால்வுக்காரர் மகள் பக்கம் பேசினார், அவ்வளவுதான் விஷயம். பம்ப் ஹவுஸ் கேட்டருகே பதினைந்து பேர் பார்க்க, பாயின்ட் அண்ணன் வால்வுக்காரரிடம், "இனிமே என் வாசல்ல கால் வச்சே, காலை உடைச்சிருவேன்" என்றார். இப்படிச் சொல்லாத குடும்பம் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. நானே என் தம்பியிடம் மாதம் ஒருமுறை சொல்கிறேன், அவன் இரண்டு காலோடும் நன்றாகத்தான் நடமாடுகிறான். மறுவாரம் அந்தப் பெண் கோபித்துக்கொண்டு அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள்.

வழக்கு விளங்க வேண்டுமானால் வண்டியின் சங்கதியைச் சொல்ல வேண்டும். பம்ப் ஹவுஸிலிருந்து நகரம் வரை மெயின் பைப்பின் நீளம் அறுபத்திரண்டு கிலோமீட்டர். பைப் ஒரு மண்மேட்டின்மேல் போகிறது. மேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு மண்பாதை, அந்தப் பக்கம் தார் ரோடு. மேடு ஆள் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு, ஒரு பக்கம் போகிற வண்டி மறுபக்கம் தெரியாது. கிலோமீட்டர் கற்கள் பாதிக்குமேல் விழுந்துவிட்டன. அதனால் கேட்டில் ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கிவிட்டுக் கிளம்புவோம். கசிவு எங்கே என்று கேட்டால் மீட்டரைப் பார்த்துத்தான் சொல்வோம். கன்ட்ரோல் ரூமிலும் அந்தக் கணக்குத்தான்.

எங்களிடம் இரண்டு பிக்கப் வண்டிகள் உண்டு. வால்வுக்காரர் வழக்கமாக ஏறும் வண்டியில் கம்பெனி அளவு டயர். பாயின்ட் அண்ணனின் வண்டி மழைக்காலத்தில் மண்பாதையில் அடிவயிறு தட்டுகிறது என்று ஆறு வருடத்துக்கு முன்பு நான்தான் பெரிய டயர் போட்டேன். மீட்டருக்குக் கண் கிடையாது. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். கம்பெனி டயர் ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டர் பத்து சென்டிமீட்டர் போகும். நான் போட்ட டயர் இரண்டு மீட்டர் முப்பது போகும். மீட்டர் பாவம், பழைய கணக்கையே எழுதிக்கொண்டிருக்கும். பத்து கிலோமீட்டர் என்று அது காட்டும்போது வண்டி பதினொன்று போயிருக்கும். வேகத்திலும் அதே கோளாறுதான். வேகமுள் கம்பெனியிலிருந்து வரும்போதே கொஞ்சம் கூட்டிக் காட்டுகிற பழக்கமுள்ளது என்பதால் அதில் பாதி தேறிவிடும், தூரத்தில் தேறாது.

அதற்காக அப்போது நானே ஒரு காலண்டர் தாளின் பின்புறம், பத்துக்குப் பதினொன்று, இருபதுக்கு இருபத்திரண்டு, முப்பதுக்கு முப்பத்துமூன்று, நாற்பதுக்கு நாற்பத்துநான்கு என்று அறுபது வரை எழுதி, அடியில் 'நடுவில் வந்தால் பத்தில் ஒன்று கூட்டவும்' என்று போட்டு, மீட்டருக்கு இடது பக்கம் டேப்பால் ஒட்டினேன். பாயின்ட் அண்ணன் ஆறு வருடமாக அந்தத் தாளைப் பார்த்துத்தான் தூரம் சொன்னார். வயதைக் கேட்டால்கூட பத்தில் ஒன்று கூட்டித்தான் சொல்வார் என்று ஷெட்டில் கேலி பேசுவோம். தூரம் சொல்லி அவர் தவறியதாக ஒரு புகார்கூட வந்ததில்லை.

சம்பவத்துக்கு முதல் நாள் திங்கட்கிழமை, பாயின்ட் அண்ணன் விடுப்பில் இருந்தார். அந்த வண்டியின் டயர்கள் தேய்ந்து வழுக்கையாகி இருந்தன. ஸ்டோரில் கேட்டபோது பெரிய அளவு வாங்குவதை நிறுத்திவிட்டதாகச் சொல்லி, கம்பெனி அளவு டயர் நான்கைக் கொடுத்தார்கள். பகல் இரண்டு மணிக்குள் நான்கையும் மாற்றினேன். அதன் பிறகு பதிவேட்டில் 'டயர் நான்கும் மாற்றப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அளவை எழுதவில்லை. கேபினுக்குள் தாள் ஒட்டியிருப்பது அப்போது என் நினைவுக்கு வரவே இல்லை. டயர் மாற்றுகிறவள் வண்டிக்கு வெளியே குனிந்து வேலை பார்க்கிறவள், உள்ளே ஏறிப் பார்க்கவில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் சொல்ல என்னிடம் இல்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை ஏழேகால் மணிக்கு நான் மற்ற வண்டியின் கிளட்சைக் கழற்றி, அதன் அடியில் மல்லாந்து படுத்திருந்தேன். பாயின்ட் அண்ணன் வந்து தன் வண்டியைச் சுற்றிப் பார்ப்பது அவர் செருப்புச் சத்தத்தில் தெரிந்தது. அதன் பிறகு என் கால்பக்கம் நின்று, "என்னம்மா, என் வண்டி கொஞ்சம் உக்காந்த மாதிரி இருக்கு?" என்று கேட்டார். "புது டயர் போட்டிருக்குண்ணே" என்றேன். கையில் நட்டு இருந்தது, விட்டால் முகத்தில் விழும். அளவைச் சொல்ல இரண்டு வார்த்தை போதும். நான் சொல்லவில்லை. எங்கள் ஷெட்டில் ஆறு வருடமாக அந்த வண்டிக்குப் புது டயர் என்றால் பெரிய டயர் என்றுதான் அர்த்தம், அவரும் அப்படியே எடுத்துக்கொண்டிருப்பார். அவர் கேட்கவே இல்லை என்று முதல் வாக்குமூலத்தில் சொன்னேன். அது பொய்.

எட்டு மணிக்குக் கசிவு என்று தகவல் வந்தது. வால்வுக்காரர் ஏறும் வண்டி என் கையில் அக்கக்காகக் கிடந்ததால் அவர் சம்பந்தியின் வண்டியில் போக வேண்டியதாயிற்று. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஏறினார்கள். முப்பது கிலோமீட்டருக்கு மேல் உள்ள பகுதிக்குப் பாயின்ட் அண்ணன் வருடத்தில் இரண்டு மூன்று தடவைதான் போவார், அங்கே மரமோ கட்டடமோ சொல்லிக்கொள்கிற மாதிரி கிடையாது.

இதற்கு மேல் ஸ்தலத்தில் நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. வயர்லெஸ்ஸில் பேசியதை ஷெட்டில் இருந்த பெட்டியில் கேட்டேன், மீதியை அவர்கள் இருவரும் சொல்லித் தெரிந்துகொண்டேன். கசிந்த தண்ணீர் பைப்பைத் தாங்கும் கான்கிரீட் கட்டையின் அடிமண்ணை அரித்திருந்தது. வால்வுக்காரர் பள்ளத்தில் இறங்கிப் பார்த்தபோது கட்டை சரிந்து அவருடைய வலது காலின்மேல் விழுந்தது. பாயின்ட் அண்ணன் ஜாக்கியை வைத்துத் தூக்கப் பார்த்தார், ஈரமண்ணில் ஜாக்கி தான் இறங்கியதே தவிரக் கட்டை ஏறவில்லை. பள்ளத்தில் தண்ணீர் நிரம்பத் தொடங்கியது. மல்லாந்து கிடந்தவரின் வாய்க்குத் தண்ணீர் வந்துவிடும் என்பதால் பாயின்ட் அண்ணன் பள்ளத்திலேயே உட்கார்ந்து, அவர் தலையைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, தோளில் மாட்டியிருந்த வயர்லெஸ்ஸில் பேசினார்.

ஒன்பது ஐந்துக்கு அவர் குரல் வந்தது. இடம் எது என்று கன்ட்ரோல் ரூம் கேட்டது. "நாப்பத்துநாலு பாயின்ட் அஞ்சு" என்றார். பின்னால் வால்வுக்காரர் கத்துவதும் கேட்டது. "நாப்பதுடா, நாப்பதரைதான்டா காட்டுச்சு, நான் பாத்தேன்" என்றார். அதற்குப் பாயின்ட் அண்ணன், "நீ சும்மா இரு, எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் நாற்பத்துநாலு பாயின்ட் ஐந்து என்றே சொன்னார். இது ஒலிப்பதிவில் இருக்கிறது. வால்வுக்காரர் இறங்கும்போது தன் கண்ணால் நாற்பதரையைப் பார்த்திருக்கிறார். அவர் வழக்கமாக ஏறும் வண்டியில் தாளும் கிடையாது, கூட்டலும் கிடையாது. தன் எதிரிலேயே சம்பந்தி எண்ணை மாற்றிச் சொல்கிறார் என்று அவர் நினைத்ததில் நான் தப்புச் சொல்ல மாட்டேன்.

ஆம்புலன்ஸ் பம்ப் ஹவுஸ் பக்கமிருந்து தார் ரோடு வழியாக வந்து, மேட்டுக்கு அந்தப் பக்கமாகவே அவர்களைக் கடந்து, நாலு கிலோமீட்டர் தாண்டிப் போய் நின்றது. அங்கே யாரும் இல்லை. மேட்டுக்கு அப்பால் அது கடந்தது தண்ணீர் இரைச்சலில் பள்ளத்துக்குள் கேட்கவில்லை. சத்தமே கேட்கவில்லை என்று பாயின்ட் அண்ணன் சொல்லச் சொல்ல, இன்னும் முன்னால் போங்கள் என்று கன்ட்ரோல் ரூம் அனுப்பிக்கொண்டே இருந்தது. பம்பை நிறுத்தி, பள்ளத்தில் தண்ணீர் வடிந்த பிறகுதான் பாயின்ட் அண்ணனால் மடியிலிருந்த தலையை இறக்கி வைக்க முடிந்தது. அதன் பிறகு மேட்டில் ஏறிப் பார்த்தார். ஆம்புலன்ஸ் தொலைவில் தங்களைத் தாண்டி நகரத்துப் பக்கம் போய்க்கொண்டிருப்பதைக் கண்டு திரும்பி வரச் சொன்னார். அப்படிப் போனது ஐம்பத்தைந்து நிமிடம். அந்த நேரம் இருந்திருந்தால் காலைக் காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாக அறிகிறேன்.

ஷெட்டில் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அப்போதும் ஒன்றும் உறைக்கவில்லை. மாலை ஐந்து மணிக்கு வேறு டிரைவர் அந்தப் பிக்கப்பைக் கொண்டுவந்து விட்டார். சீட்டைக் கழுவலாம் என்று கதவைத் திறந்தேன். நான் எழுதிய தாள் என் எதிரே இருந்தது. நாற்பதுக்கு நாற்பத்துநான்கு என்ற வரியைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அதன் பிறகு பிளேடை எடுத்துத் தாளைச் சுரண்டி எடுத்தேன், பசை இருந்த இடத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். நேற்றே எடுத்திருக்க வேண்டியதை இன்று எடுக்கிறேன், இதில் என்ன தப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தாளைக் கிழித்துப் போடக் கை வரவில்லை, மடித்து டூல்ஸ் பெட்டியின் அடித்தட்டில் வைத்தேன்.

புதன்கிழமை காலை இன்ஸ்பெக்டர் அவர்கள் வந்து வண்டியை ஓட்டிப் பார்த்தார். கேட்டிலிருந்து ஸ்தலம் வரை மீட்டர் சரியாக நாற்பதரை காட்டியது. மீட்டர் பழுதா என்று என்னைக் கேட்டார். மீட்டர் சரியாகக் காட்டுகிறது என்றேன். அதில் பொய் ஒரு எழுத்துகூட இல்லை, அதை வைத்துத்தான் பாயின்ட் அண்ணனைப் பொய்யர் ஆக்கினேன். வியாழக்கிழமை அவரைப் பிடித்துவந்தபோது தாளைப் பார்த்துக் கூட்டிச் சொன்னதாகச் சொல்லியிருக்கிறார். காவலர் ஒருவர் வந்து தாளைத் தேடினார். துடைத்த இடம் பளிச்சென்று இருந்தது. அப்படி ஒரு தாள் இருந்ததா என்று கேட்டார். நினைவில்லை என்றேன். பம்ப் ஹவுஸ் கேட்டில் வைத்துச் சொன்ன அந்தக் கால் உடைக்கிற பேச்சையும் சேர்த்து, வேண்டுமென்றே ஆம்புலன்ஸைத் திசைதிருப்பினார் என்று வழக்கு எழுதப்பட்டது. எனக்கு ஓய்வு பெற நான்கு வருடம் இருக்கிறது, வேலை போய்விடும் என்று பயந்தேன். வேறு காரணம் கிடையாது.

நேற்று, அதாவது சம்பவத்துக்குப் பதினோராவது நாள், பகல் மூன்று மணிக்கு வால்வுக்காரரின் மகள் ஷெட்டுக்கு வந்தாள். சின்னப் பிள்ளையிலிருந்து என்னை அத்தை என்று கூப்பிடுகிற பெண். ஸ்டூலைத் தள்ளிப் போட்டேன், உட்காரவில்லை.

"அத்தை, அந்த வண்டில பேப்பர் ஏதாச்சும் ஒட்டியிருந்துச்சா?" என்று கேட்டாள்.

ஏன் கேட்கிறாய் என்றேன்.

"எங்கப்பா சொல்றதை நம்புனா நான் புருஷன் வீட்டுக்குப் போக முடியாது. மாமா சொல்றதை நம்புனா எங்கப்பா மூஞ்சில முழிக்க முடியாது. அவரு பக்கத்துலதான் ராத்திரி பகலா உக்காந்திருக்கேன். ரெண்டு பேர்ல யாரோ ஒருத்தர் பொய் சொல்றாங்கல்ல அத்தை?"

அவள் அழவில்லை. கணக்குக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். இருவரும் பொய் சொல்லவில்லை, பொய் சொன்னது நான் என்றேன். பெட்டியின் அடித்தட்டைத் திறந்து தாளைக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். அவள் தாளை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. "இதை எங்கப்பாகிட்ட நீங்களே வந்து சொல்லுங்க" என்று மட்டும் சொன்னாள்.

அதன் பிறகு அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வால்வுக்காரர் சுவர்ப் பக்கக் கட்டிலில் இருந்தார். போர்வை வலது பக்கம் முழங்காலுக்குக் கீழே தட்டையாகக் கிடந்தது. அங்கே பார்க்கக் கூடாது என்று நினைத்து அங்கேயே பார்த்தேன். டயர் மாற்றியது, தாளை மறந்தது, படுத்தபடி பதில் சொன்னது, தாளைச் சுரண்டியது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். வால்வுக்காரர், "அவன் கூட்டித்தான் சொன்னானா" என்று கேட்டார். ஆமாம் என்றேன். என்னைப் பார்த்துச் சொல்லாமல் மகளைப் பார்த்துச் சொன்னார்.

"தண்ணி வடியற வரைக்கும் என் தலையை மடியில தூக்கி வச்சிட்டே இருந்தான். என்னைக் கொல்லணும்னா விட்டிருந்தாலே போதும். அவன் ஏன் விடலைன்னுதான் பத்து நாளா எனக்குப் புரியல."

நான் மன்னிப்புக் கேட்டேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அது அவர் உரிமை. அங்கிருந்து நேராக நிலையத்துக்கு வந்து மாலை ஆறரை மணிக்கு இன்ஸ்பெக்டர் அவர்களிடம் தாளை ஒப்படைத்தேன்.

முதலில் சோதித்துப் பார்ப்போம், பிறகு எழுதுவோம் என்று அவர் சொன்னதால், இன்று காலை ஆறு மணிக்கு ஷெட்டின் பின்னால் கிடந்த பழைய பெரிய டயர் நான்கையும் அவர் முன்னிலையில் அதே வண்டிக்கு மாட்டினேன். வண்டியை அவரே ஓட்டினார், நான் பக்கத்தில் இருந்தேன். ஸ்தலத்தில் மீட்டர் முப்பத்தேழு பாயின்ட் இரண்டு காட்டியது. பத்தில் ஒன்று கூட்டினால் நாற்பத்தொன்றுக்குக் கிட்ட வருகிறது. அரை கிலோமீட்டர் ஏன் இடிக்கிறது என்று கேட்டார். தேய்ந்த டயர் சற்றுச் சிறுத்திருக்கும், புது டயருக்கு எழுதிய கணக்கு அதற்குச் சரியாக வராது என்று விளக்கினேன். ஆறு வருடமும் அந்தத் தாள் அப்படி இப்படித்தான் இருந்திருக்கிறது. கடைசி அரை கிலோமீட்டரை நாங்கள் கண்ணால் பார்த்துச் சரிக்கட்டியிருக்கிறோம், அதைக் கவனிக்காமல் தாளைப் புகழ்ந்திருக்கிறோம். டயரின் அளவுக்கு ஸ்டோர் சீட்டு சாட்சியாக இருக்கிறது, அதில் அளவு தெளிவாக உள்ளது.

மடியில் கிடப்பவர் நாற்பது என்று கத்தும்போது டிரைவர் ஒரு நிமிடம் யோசித்திருக்கக் கூடாதா என்று இன்ஸ்பெக்டர் அவர்கள் கேட்டார். மீட்டரில் நாற்பது என்று பார்த்தவர் சொல்வதை மறுக்க வேண்டியதில்லை, நாற்பது என்பதால்தான் நாற்பத்துநாலு, எங்கள் பழக்கம் அது என்று சொன்னேன். வால்வுக்காரர் கத்தக் கத்தப் பாயின்ட் அண்ணனுக்குத் தன் கணக்கு உறுதிப்பட்டிருக்கும். அந்தப் பள்ளத்தில் நான் உட்கார்ந்திருந்தாலும் அதே எண்ணைத்தான் சொல்லியிருப்பேன். அவர் கேட்க வேண்டியதை அன்று காலையிலேயே என்னிடம் கேட்டுவிட்டார்.

அவர்மேல் உள்ள வழக்கை எடுத்து யார்மேல் போட வேண்டுமோ அவர்மேல் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ இதை நான் சொல்லவில்லை.

எழுதியதை எனக்கு முழுதாக வாசித்துக் காட்டினார்கள், கேட்டேன். மூன்றாம் தாளில் 'தாள் கவனக்குறைவாக அகற்றப்பட்டது' என்று எழுத்தர் எழுதியிருந்தார். எனக்கு நல்லது என்று நினைத்து எழுதியிருக்கிறார். அதை அடித்துவிட்டு, 'பிளேடால் சுரண்டி எடுத்து மறைத்தேன்' என்று நான் சொன்னபடியே மாற்றச் சொன்னேன், மாற்றினார். திருத்தத்துக்குப் பக்கத்தில் தனியாக ஒரு கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மற்ற இடங்களில் திருத்தம் இல்லை. இதில் உள்ளது அத்தனையும் உண்மை.

(சாட்சியின் கையெழுத்து)